ஒன் பீஸ்: புதிதாகக் கப்பல் ஏறுவோருக்கு ஒரு வழிகாட்டி

1,100 எபிசோடுகளைத் தாண்டிவிட்ட ஒரு தொடரை இனிமேல் எங்கிருந்து பிடிப்பது என்று என்னிடம் கேட்காத நண்பர்கள் குறைவு. கேட்கும்போதே அந்த எண்ணை நினைத்துப் பாதி மனத்தோடு பின்வாங்கியும் விடுகிறார்கள். எய்ச்சிரோ ஓடா எழுதி வரையும் 'ஒன் பீஸ்' மங்கா, அதாவது ஜப்பானியச் சித்திரக்கதை, 1997 ஜூலை 22 அன்று 'வீக்லி ஷோனென் ஜம்ப்' இதழில் தொடங்கியது. அதை டோயே அனிமேஷன் நிறுவனம் அனிமேயாக, அதாவது ஜப்பானிய அசைபடத் தொடராக எடுக்க, முதல் எபிசோடு 1999 அக்டோபர் 20 அன்று ஜப்பானின் ஃபுஜி தொலைக்காட்சியில் ஒளிபரப்பானது. அன்று பள்ளிக்கூடப் பையோடு வீடு திரும்பிப் பார்த்தவர்கள் இன்று தம் பிள்ளைகளோடு அமர்ந்து அதே தொடரைப் பார்க்கிறார்கள். ஐந்தே ஆண்டுகளில் முடித்துவிடலாம் என்றுதான் ஓடா முதலில் எண்ணியிருந்தார். கதையோ அவரையும் இழுத்துக்கொண்டு கால் நூற்றாண்டைக் கடந்துவிட்டது.

இதுவரை ஓர் எபிசோடுகூடப் பார்க்காதவர்களுக்காகவும், எங்கோ தொடங்கி எங்கோ நின்றுபோனவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். இத்தொடரின் சுவை அதன் நீளத்துக்குள்ளேயே பொதிந்திருக்கிறது என்பது என் உறுதியான கருத்து. இருபது ஆண்டுகளுக்கு முன் கதையின் ஓரத்தில் ஊன்றிய ஒரு விதை நாம் மறந்துவிட்ட நேரத்தில் முளைத்து நிற்கும். அந்த நேரத்தில் உண்டாகும் நெகிழ்வைச் சுருக்கம் படித்தோ, 'முக்கியக் காட்சிகள்' என்று தொகுத்த காணொளிகளைப் பார்த்தோ பெற முடியாது. ஆகவே எவ்வளவு விரைவாக முடிக்கலாம் என்பதைக் காட்டிலும், எப்படி நிலைத்து இருந்து பார்க்கலாம் என்பதையே விரிவாகச் சொல்லப் போகிறேன். தயக்கமின்றித் தள்ளிவிடக்கூடிய எபிசோடுகளும் இருக்கின்றன. அவற்றையும் உரிய இடத்தில் எண்ணோடு தருகிறேன்.

கதையின் தொடக்கத்தைச் சொன்னால் சுவை கெடாது. கடற்கொள்ளையரின் அரசன் என்று பெயரெடுத்த கோல் டி. ரோஜர், மரண தண்டனை மேடையில் நின்றபடி, தன் செல்வம் அனைத்தையும் ஓரிடத்தில் விட்டுவைத்திருப்பதாகவும் வேண்டியவர்கள் தேடி எடுத்துக்கொள்ளலாம் என்றும் அறிவித்துவிட்டு இறக்கிறான். 'திரைகடல் ஓடியும் திரவியம் தேடு' என்பதை ஓர் உலகமே ஒரே நாளில் கேட்டுவிட்டதைப் போல, ஊர்தோறும் மக்கள் கப்பல் ஏறுகிறார்கள். அந்தச் செல்வத்தின் பெயர்தான் 'ஒன் பீஸ்'. ஆண்டுகள் பல கழித்து, லூஃபி என்ற 17 வயதுப் பையன் தலையில் ஒரு வைக்கோல் தொப்பியோடு சின்னஞ்சிறு படகொன்றில் தனியாகப் புறப்படுகிறான். சிறுவயதில் ஒரு விசித்திரப் பழத்தைத் தின்றதால் அவன் உடல் ரப்பரைப் போல நீளும். அதே பழத்தின் சாபத்தால் அவனுக்கு நீந்த வராது. நீந்தத் தெரியாத ஒருவன் கடலின் அரசனாக ஆசைப்படுகிறான் என்பதிலேயே, துணைக்கு ஆள் இல்லாமல் அவனால் எதுவும் ஆகாது என்ற உண்மையும் அடங்கியிருக்கிறது.

முதற்படி: எங்கே பார்ப்பது, எந்த மொழியில் பார்ப்பது

இந்தியாவிலிருந்து முறையாகப் பார்ப்பதற்கு க்ரஞ்சிரோல் தளமே முதன்மையான வழி. நெட்ஃபிளிக்ஸிலும் சில பகுதிகள் கிடைக்கின்றன. தொடக்கப் பகுதி இந்தியத் தொலைக்காட்சியில் தமிழ் டப்பிங்கோடும் வந்திருக்கிறது. ஆங்கில சப்டைட்டிலைத் தொடர்ந்து படிக்கச் சிரமப்படும் பெரியவர்களையோ பிள்ளைகளையோ உடன் வைத்துக்கொண்டு தொடங்குவதானால் தமிழ் டப்பிங்கைத் தேடிப் பார்க்கலாம். ஆனால் தொடரின் முழு நீளத்துக்கும் துணை வருவது ஜப்பானிய மூலக் குரலும் சப்டைட்டிலும்தான். லூஃபிக்குக் குரல் கொடுப்பவர் மயூமி தனாகா என்ற பெண்மணி. 1999 முதல் இன்றுவரை அவரே அந்தப் பாத்திரத்துக்குப் பேசுகிறார். சிரிப்பு, பசி, அடக்க முடியாத கோபம் ஆகிய மூன்றையும் ஒரே தொண்டையிலிருந்து அவர் மாற்றி மாற்றி எடுப்பதைக் கேட்டுப் பழகிய காதுக்கு வேறு குரல் ஒட்டாது. ஆங்கில டப்பிங் விரும்புவோர், 2004 இல் அமெரிக்காவில் ஃபோர்கிட்ஸ் நிறுவனம் வெளியிட்ட பழைய பதிப்பு கையில் கிடைத்தால் அதைத் தவிர்த்துவிட வேண்டும். சிறுவர்களுக்கு ஏற்றதாக்குகிறோம் என்று சொல்லிச் கதையில் வரும் சமையற்காரன் சஞ்சியின் வாயிலிருந்த சிகரெட்டைக் குச்சிமிட்டாயாக மாற்றினார்கள், அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். சில முழுப் பகுதிகளையே வெட்டி எறிந்தார்கள். அப்படி வெட்டியதில் எது போயிற்று என்பதைக் கடைசிப் படியில் சொல்கிறேன்.

ஒரு சிறு எச்சரிக்கை: சீசன் எண்ணை நம்ப வேண்டாம். ஒவ்வொரு தளமும் தன் விருப்பப்படி சீசன்களைப் பிரித்து வைத்திருப்பதால், 'நான்காம் சீசன்' என்று நண்பர் சொல்வது உங்கள் திரையில் வேறொன்றாக இருக்கலாம். முதலிலிருந்து எண்ணிவரும் எபிசோடு எண்ணை மட்டுமே பின்பற்றுங்கள். இக்கட்டுரையில் நான் தரும் எண்கள் அனைத்தும் அவ்வாறு எண்ணியவையே.

இரண்டாம் படி: முதல் எபிசோடிலிருந்தே தொடங்குவது, 44 வரை பொறுத்திருப்பது

நான் இத்தொடருக்குள் முதன்முதலில் நுழைந்தது 457ஆம் எபிசோடில். போர் நடக்கும் பகுதிதான் உச்சம் என்று ஒரு நண்பர் உறுதியாகச் சொல்லியிருந்தார். பத்து எபிசோடு பார்த்தேன். யார் யாரோ கதறி அழுதார்கள், யார் யாரோ விழுந்தார்கள். அவர்கள் அழுவது என்னைத் தொடவில்லை. தொடரை மூடிவிட்டு ஆறு மாதம் கழித்து முதல் எபிசோடிலிருந்து தொடங்கினேன். மறுபடியும் 457 வந்தபோது ஒரே அமர்வில் மூன்று எபிசோடுக்கு மேல் என்னால் பார்க்க இயலவில்லை. ஒவ்வொரு முகத்துக்கும் பின்னால் இருந்த நூற்றுக்கணக்கான எபிசோடுகளின் பாரம் அப்படி அழுத்தியது. ஆகவே நடுவில் ஏறும் யோசனையை யார் சொன்னாலும் ஏற்க வேண்டாம்.

முதல் எபிசோடுகள் பழைய தோற்றத்தோடு இருக்கும். 206ஆம் எபிசோடு வரை படம் பழைய தொலைக்காட்சிப் பெட்டியின் அளவில், பக்கவாட்டில் கறுப்புப் பட்டைகளோடுதான் வரும். 207 முதல் அகலத்திரை. வண்ணங்கள் இன்றைய அனிமேயைப் போலப் பளபளக்கமாட்டா. இரண்டு மூன்று நாளில் கண் பழகிவிடும். மங்காவில் முதல் அத்தியாயமாகவே வரும் லூஃபியின் சிறுவயதுக் கதையும், வைக்கோல் தொப்பி அவனுக்குக் கிடைத்த விதமும் அனிமேயில் 4ஆம் எபிசோடில்தான் வருகின்றன. எனவே நான்கைப் பார்க்காமல் எந்தத் தீர்ப்பும் சொல்லக் கூடாது.

மூன்று எபிசோடு பார்த்துப் பிடித்தால் தொடர்வது என்ற வழக்கமான அளவுகோல் இத்தொடருக்குப் பொருந்தாது. 44ஆம் எபிசோடு வரை பொறுத்திருங்கள். அங்குதான் ஆர்லாங் என்ற கொடியவனைப் பற்றிய பகுதி முடிகிறது. அதற்குள் லூஃபியோடு நான்கு பேர் சேர்ந்திருப்பார்கள்: மூன்று வாள் ஏந்திப் போரிடும் ஸோரோ, வரைபடம் வரையும் நாமி, பொய்யும் அச்சமும் நிறைந்த உசோப், சமையற்காரன் சஞ்சி. 31 முதல் 44 வரையுள்ள எபிசோடுகள் நாமியின் கதை. அதைப் பார்த்து முடித்தபின்னும் மனம் அசையவில்லை என்றால், இத்தொடர் உங்களுக்கானது இல்லை என்று நிம்மதியாக விட்டுவிடலாம். நானறிந்தவரை, 44ஐப் பார்த்தபின் விட்டுவிட்டவர்கள் மிகச் சிலர்.

அதற்கு முன்பே ஓரிடத்தில் இத்தொடரின் நெஞ்சம் எங்கே இருக்கிறது என்பது தெரிந்துவிடும். 20ஆம் எபிசோடை ஒட்டி, நடுக்கடலில் மிதக்கும் ஓர் உணவகத்துக்குள் கின் என்ற கொள்ளையன் பசியால் சுருண்டு வந்து விழுகிறான். கையில் காசில்லை என்று தெரிந்ததும் உணவகத்தின் சமையற்காரர் ஒருவர் அவனை அடித்து நொறுக்கி வெளியே தள்ளுகிறார். வெளித்தளத்தில் கிடப்பவன் முன்னால் சஞ்சி வந்து, ஒரு தட்டுச் சோற்றை வைக்கிறான். அவன் யார், எத்தனை பேரைக் கொன்றவன் என்ற கேள்வியே எழவில்லை. பசியோடு வந்தவன் எவனாயினும் தனக்கு அவன் விருந்தாளி என்பதே சஞ்சியின் கணக்கு. முதலில் வீம்பாக மறுக்கும் கின், பிறகு தட்டை இழுத்து அள்ளி அள்ளித் தின்கிறான். தின்னத் தின்னக் கண்ணீர் தாரைதாரையாக வடிகிறது. சஞ்சி பக்கத்தில் அமர்ந்து, சுவையாக இருக்கிறதல்லவா என்று ஒரு புன்னகையோடு கேட்கிறான். இதை மேல்தளத்திலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும் லூஃபி அப்போதே முடிவு செய்துவிடுகிறான்: என் கப்பலுக்கு வேண்டிய சமையற்காரன் இவன்தான். சண்டையில் அவன் வல்லவனா என்பதை லூஃபி இன்னும் பார்க்கவேயில்லை. பசித்தவன் முகம் பார்த்துச் சோறு போட்டதைப் பார்த்தே ஆளை எடைபோடுகிறான். சஞ்சிக்குப் பசியின் மேல் ஏன் இவ்வளவு அக்கறை என்பதற்கு விடை அடுத்த சில எபிசோடுகளிலேயே வரும். அதை நீங்களே பாருங்கள்.

மூன்றாம் படி: உலகின் வரைபடத்தை மனத்தில் வரைந்துகொள்வது

45ஆம் எபிசோடுக்குப் பின் கடல் விரிகிறது, பெயர்களும் பெருகுகின்றன. அதற்குள் இவ்வுலகின் அமைப்பைப் புரிந்துகொண்டால் பின்னால் தடுமாற்றம் இருக்காது. உலகை ஒரு வளையமாகச் சுற்றி நிற்கும் ஒரே கண்டம் 'ரெட் லைன்'. அதற்குக் குறுக்காக உலகைச் சுற்றி ஓடும் கடற்பாதை 'கிராண்ட் லைன்'. இவ்விரண்டும் சேர்ந்து மிஞ்சிய கடலை நான்காக வகுக்கின்றன. லூஃபி பிறந்தது அவற்றில் கிழக்குக் கடல், நான்கிலும் அமைதியானது என்று சொல்லப்படுவது. கிராண்ட் லைனின் இரு கரையோரங்களிலும் காற்றே வீசாத, பாய்மரம் அசையாத நீர்ப்பரப்பு உண்டு. அதனடியில் மலைபோன்ற கடல் அரக்கர்கள் கூடுகட்டி வாழ்கிறார்கள். எனவே எந்தத் திசையிலிருந்தும் குறுக்கே புகுந்துவிட முடியாது. நான்கு கடல்களின் நீரோட்டமும் ஒரு மலையின் மேல் ஏறி மறுபக்கம் இறங்கும் வழி ஒன்றே கப்பல்களுக்கு வாயில்.

உள்ளே போனபின் திசைகாட்டி வேலை செய்யாது. அங்குள்ள ஒவ்வொரு தீவும் தனக்கென்று ஒரு காந்த விசை உடையது. ஆகவே 'லாக் போஸ்' என்ற, கண்ணாடிக் குமிழுக்குள் முள் தொங்கும் கருவியை மணிக்கட்டில் கட்டிக்கொள்கிறார்கள். ஒரு தீவில் போதிய காலம் தங்கினால்தான் அத்தீவின் காந்த விசை அதில் பதிந்து, முள் அடுத்த தீவைக் காட்டும். அந்தக் காலம் தீவுக்குத் தீவு மாறும். ஒரு தீவில் ஓராண்டு தங்க வேண்டும் என்றும் கதையில் வருகிறது. இந்த ஒரு கருவியால் ஓடா கதையின் இலக்கணத்தையே வகுத்துவிட்டார். யாரும் ஒரு தீவைத் தொட்டுவிட்டு ஓடிவிட முடியாது. தங்கியாக வேண்டும், அங்குள்ளவர்களோடு பேசியாக வேண்டும், அவர்கள் துயரம் என்னவென்று அறிந்தாக வேண்டும். பார்க்கிற நமக்கும் அதுவே விதி.

விசித்திரப் பழங்களைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். உடலின் தன்மையை மாற்றுபவை, விலங்காக உருமாற்றுபவை, நெருப்பு, புகை போன்ற இயற்கைப் பொருளாகவே ஆக்கிவிடுபவை என மூவகை என்பதைத் தெரிந்துகொண்டால் போதும், மற்றவற்றைக் கதை தானே சொல்லித்தரும்.

ஆனால் தலைக்கு விலை வைக்கும் சுவரொட்டிகளைக் கவனமாகப் பாருங்கள். லூஃபிக்கு முதன்முதலாக வைக்கப்படும் விலை 3 கோடி பெரி. பெரி என்பது அவ்வுலகின் நாணயம். இந்தத் தொகை ஒருவனின் வலிமையை அளப்பதாகத் தொடக்கத்தில் தோன்றும். போகப் போகத்தான், உலக அரசு ஒருவரைக் கண்டு எவ்வளவு அஞ்சுகிறது என்பதையே அது அளக்கிறது என்பது விளங்கும். எட்டு வயதுச் சிறுமி ஒருத்தியின் தலைக்கு 7 கோடியே 90 லட்சம் பெரி விலை வைக்கப்பட்டிருந்ததைப் பின்னால் ஓரிடத்தில் அறிவீர்கள். அவள் அரசைக் கலங்க வைத்ததற்குக் காரணம், எவரும் படிக்கக் கூடாது என்று தடுக்கப்பட்ட பழைய எழுத்தை அவள் படிக்கக் கற்றிருந்தாள் என்பதே. யாருடைய வரலாறு மறைக்கப்படுகிறது, ஏன் மறைக்கப்படுகிறது என்ற கேள்வி இத்தொடரின் அடிநீரோட்டம். சிரிப்பும் சண்டையும் நிறைந்த மேற்பரப்பைப் பார்த்து அதைத் தவறவிடக் கூடாது.

இடையே ஒன்று: கடற்கொள்ளையரின் உண்மை வரலாற்றில் ஆர்வமுள்ளவர்களுக்குப் பெயர்களே ஒரு விருந்து. எட்வர்ட் டீச், பார்த்தலமேயு ராபர்ட்ஸ், ஆன் போனி, வில்லியம் கிட் என உண்மையில் வாழ்ந்தவர்களின் பெயர்களைப் பிரித்தும் சேர்த்தும் ஓடா தம் பாத்திரங்களுக்குச் சூட்டியிருக்கிறார்.

நான்காம் படி: தீவு தீவாக நிறுத்தி, வேண்டாததைத் தள்ளிப் பார்ப்பது

நாள் ஒன்றுக்கு மூன்று எபிசோடு பார்த்தால் ஒரு வருடத்துக்குச் சற்று மேல் ஆகும். பலருக்கும் அது நடைமுறைக்கு ஒத்துவராது, தேவையும் இல்லை. ஒரு பகுதியைத் தொடங்கினால் அது முடியும்வரை நிறுத்தாமல் பார்ப்பதும், முடிந்தபின் ஒரு வாரமோ ஒரு மாதமோ ஓய்வு கொடுப்பதுமே நான் கண்ட நல்ல வழி. ஓய்வெடுக்கத் தோதான இடங்கள் இவை: பாலைவன நாடான அலபாஸ்டாவின் கதை முடியும் 130, வானத்தீவின் கதை முடியும் 195, நீர்நகரத்தில் தொடங்கி நீதித்தீவில் உச்சம் தொடும் நீண்ட பகுதி ஓயும் 325, பேய்க்கப்பலின் கதை முடியும் 381, போரும் அதன் பின்விளைவும் முடிந்து கதையின் முதற்பாதி மூடப்படும் 516. இரண்டாம் பாதியில் 574, 746, 877, 1085 ஆகியவை அப்படிப்பட்ட துறைமுகங்கள். 229 முதல் 312 வரை மட்டும் இடையில் நிறுத்த வேண்டாம். என்னைக் கேட்டால் இத்தொடர் எட்டிய மிக உயர்ந்த சிகரம் அதுதான், அங்கே மூச்சு விட்டால் ஏறிய சூடு ஆறிவிடும்.

மங்காவில் இல்லாமல் அனிமேக்காக மட்டும் எழுதப்பட்ட ஃபில்லர் எபிசோடுகளை விட்டுவிட்டால் கதைக்கு இழப்பில்லை. 54–60, 131–143, 220–225, 326–336 ஆகியவற்றைத் தயங்காமல் தாண்டலாம். திரைப்படங்களுக்கு முன்னோட்டமாக இடையில் செருகப்பட்ட 426–429, 575–578, 747–750, 895–896, 1029–1030 ஆகியவற்றுக்கும் அதே தீர்ப்புத்தான். ஒரே விலக்கு 196–206. அதுவும் ஃபில்லர்தான், ஆனால் கடற்படைக் கோட்டை ஒன்றுக்குள் தவறி வந்து விழுந்த லூஃபியின் கூட்டம் அங்கிருந்து தப்பும் அந்தக் கதையில் பாத்திரங்களின் இயல்பு அச்சு அசலாகப் பொருந்தியிருக்கும், எதிரியாக வரும் தளபதியும் மதிக்கத்தக்க மனிதராக இருப்பார். பார்க்கத்தான் வேண்டும்.

ஐந்தாம் படி: நடை தளரும் இடங்களைக் கடப்பது

இத்தொடரை நேசிப்பவன் என்ற முறையிலேயே இதைச் சொல்ல வேண்டும்: 500க்குப் பிறகு அனிமேயின் நடை பல இடங்களில் தளர்ந்துவிடுகிறது. காரணம் எளிது. வாரம் ஒரு மங்கா அத்தியாயம், வாரம் ஓர் எபிசோடு என்று இரண்டும் ஏறத்தாழ ஒரே வேகத்தில் ஓடும்போது, அனிமே மங்காவை முந்திவிடாமல் இருக்க ஓர் அத்தியாயத்தையே ஓர் எபிசோடாக இழுக்க வேண்டியதாயிற்று. தொடக்கப்பாடல், முன்கதைச் சுருக்கம் எல்லாம் போகப் பல எபிசோடுகளில் புதிய காட்சி பதினேழு, பதினெட்டு நிமிடத்துக்கு மேல் தேறாது. 629 முதல் 746 வரை, 118 எபிசோடுகள் நீளும் டிரெஸ்ரோசா நாட்டின் கதையில் இந்தச் சோர்வு மிகுதி. அதிர்ச்சியடைந்த முகங்களை ஒவ்வொன்றாகக் காட்டியே நிமிடங்கள் கரையும்.

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. முன்கதைச் சுருக்கத்தைத் தாண்டிவிட்டுப் பார்ப்பது ஒன்று. அதற்கும் பொறுமை போதாதவர்கள் அப்பகுதியை மட்டும் மங்காவில் படித்துவிட்டு மீண்டும் அனிமேக்குத் திரும்பலாம். ஷூயேஷா நிறுவனத்தின் 'மங்கா பிளஸ்' செயலியில் தொடக்க அத்தியாயங்கள் சிலவும் அண்மைய அத்தியாயங்கள் சிலவும் இலவசம். நடுப்பகுதியைத் தொகுதிகளாக வாங்கியும் படிக்கலாம். 523 முதல் 574 வரையுள்ள மீன்மனிதர் தீவுக் கதைக்கு இன்னொரு வாய்ப்பும் இருக்கிறது. 2024 அக்டோபர் முதல் 2025 ஏப்ரல் வரை தொடர் இடைவேளை விட்டிருந்தபோது, அந்தப் பகுதியையே புதுப்பித்து 21 எபிசோடுகளாகச் சுருக்கி ஒளிபரப்பினார்கள். கிடைத்தால் அதைப் பாருங்கள். இனவெறுப்பு ஒரு தலைமுறையிலிருந்து அடுத்ததற்கு எவ்வாறு கைமாறுகிறது என்பதை இவ்வளவு தெளிவாகச் சொல்லும் பகுதி இழுவையில் கரைந்துபோகக் கூடாது.

892ஆம் எபிசோடிலிருந்து, அதாவது 2019 ஜூலை முதல், வாநோ நாட்டின் கதை தொடங்கும்போது ஓவிய நடையே மாறிவிடும். கோடுகள் தடித்து, வண்ணங்கள் செறிந்து, பழைய ஜப்பானிய மர அச்சு ஓவியத்தின் சாயல் ஏறும். தளர்ந்த பகுதியைப் பொறுத்து வந்தவர்களுக்கு அது நல்ல கைம்மாறு.

ஆறாம் படி: திரைப்படங்களையும் நடிகர்கள் நடித்த தொடரையும் எப்போது பார்ப்பது

திரைப்படங்கள் பெரும்பாலும் தனிக் கதைகள், பார்க்காவிட்டால் குறையில்லை. பார்ப்பதானால், 2009 இல் வந்த 'ஸ்ட்ராங் வேர்ல்டு' படத்தை 381க்குப் பின்னரும், 2022 இல் வந்த 'ஃபிலிம் ரெட்' படத்தை வாநோ முடிந்த பின்னரும் வைத்துக்கொள்ளுங்கள். நெட்ஃபிளிக்ஸில் 2023 ஆகஸ்ட் 31 அன்று வெளியான, நடிகர்களை வைத்து எடுத்த தொடரின் முதல் சீசன் எட்டே எபிசோடுகளில் அனிமேயின் முதல் 44 எபிசோடுகளின் கதையைச் சொல்லிவிடுகிறது. அது நன்றாகவே எடுக்கப்பட்டது. ஓடாவும் அதன் தயாரிப்பில் பங்கேற்றார். இருப்பினும் அதை முதலில் பார்த்தால் நாமியின் கதையை முதன்முதலாக அறியும் வாய்ப்பு அங்கேயே செலவாகிவிடும். 44ஐ முடித்தபின் பாருங்கள். விட் ஸ்டூடியோ மீண்டும் முதலிலிருந்து எடுக்கப் போவதாக 2023 டிசம்பரில் அறிவிப்பு வந்ததால், அதற்காகக் காத்திருக்கலாமா என்று கேட்கிறார்கள். வேண்டாம்.

யாரோடு பார்ப்பது என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள். வண்ணமயமான தோற்றத்தை நம்பிச் சிறு குழந்தைகளின் கையில் கொடுத்துவிடக் கூடாது. அடிமை வணிகம், பெற்றோரின் கொலை, ஊரையே அழித்தல் எல்லாம் இதில் நேரடியாக வருகின்றன. பெண் பாத்திரங்களை வரையும் முறை, குறிப்பாக இரண்டாம் பாதியில், எனக்கு உடன்பாடானதில்லை. பன்னிரண்டு, பதின்மூன்று வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளோடு பெரியவர்களும் உடன் அமர்ந்து பார்ப்பதே நல்லது. கூடவே, பாத்திரங்களின் பெயர்களை இணையத்தில் தேடாதீர்கள். தேடல் பெட்டியில் பெயரைத் தட்டச்சு செய்யும்போதே அவருடைய மரணம் பரிந்துரையாக வந்து நிற்கும். 2023 ஆகஸ்டில் 1071ஆம் எபிசோடு வெளியானபோது அதன் படங்கள் எல்லாச் சமூக ஊடகங்களிலும் பரவிவிட்டன. அந்த ஒரு காட்சியையாவது முன்கூட்டியே அறியாமல் போய்ச் சேர முயலுங்கள்.

ஏழாம் படி: ஒரு நோட்டுப் புத்தகம்

இது அனைத்திலும் எளிய படி. நான் இதை என் அண்ணன் மகளிடம் கற்றேன். பன்னிரண்டு வயதில் என்னோடு அமர்ந்து பார்க்கத் தொடங்கியவள், நாற்பது பக்க நோட்டு ஒன்றை எடுத்து, இடப்பக்கத்தில் தீவின் பெயரையும் வலப்பக்கத்தில் அங்கே சந்தித்தவர்களின் பெயரையும் எழுதிவந்தாள். பெயருக்குப் பக்கத்தில் அவர் எதற்காகக் காத்திருக்கிறார், யாருக்கு என்ன வாக்குக் கொடுத்தார் என்று ஒரு வரி. அவ்வளவுதான். இத்தொடரில் ஏறத்தாழ ஒவ்வொருவரும் எதற்கோ காத்திருக்கிறார்கள் என்பதால் அந்த ஒரு வரியே போதுமானது.

கிராண்ட் லைனுக்குள் நுழைந்த கையோடு, 62, 63ஆம் எபிசோடுகளில் லபூன் என்ற பெருந்திமிங்கிலம் வருகிறது. தன்னை விட்டுச்சென்ற கொள்ளையர் கூட்டம் ஒருநாள் திரும்பி வரும் என்று 50 ஆண்டுகளாக அது காத்திருக்கிறது. அவர்கள் போன திசையில் நிற்கும் கண்டச் சுவரில் தலையை மோதி மோதி, நெற்றி முழுதும் வடுவாகிக் கிடக்கிறது. லூஃபி அதனிடம் ஆறுதல் பேசவில்லை. தன் கப்பலின் பாய்மரத்தைப் பிடுங்கி அதன் புண்ணிலேயே குத்தி, சண்டைக்கு இழுத்து, நடுவில் நிறுத்தி, நமக்குள் வெற்றி தோல்வி முடிவாகவில்லை என்று கத்துகிறான். உலகைச் சுற்றிவிட்டு வந்து மீண்டும் மோதுகிறேன் என்று வாக்குக் கொடுக்கிறான். பிறகு அந்த நெற்றியில் தன் கொடியின் மண்டையோட்டுச் சின்னத்தைக் கோணல்மாணலாக வரைந்து, இது அழியக் கூடாது, எனவே இனித் தலையை மோதாதே என்கிறான். கப்பல் போய்விடுகிறது. கதையும் பல ஆண்டுகள் அதைப் பெரிதாகப் பேசுவதில்லை.

ஃபோர்கிட்ஸ் பதிப்பில் வெட்டி எறியப்பட்டது இந்தத் திமிங்கிலத்தைத்தான். கதையோட்டத்துக்குத் தேவையற்ற இடைச்செருகல் என்று யாருக்கும் தோன்றக்கூடிய இடம் அது.

எங்கள் வீட்டில் அந்தப் பக்கத்தில் 'லபூன் – நண்பர்களுக்காகக் காத்திருக்கிறது' என்று பென்சிலால் எழுதியிருந்தாள். ஓராண்டுக்கு மேல் கழித்து, பள்ளி விடுமுறையில், 378, 379, 380 ஆகிய மூன்றையும் ஒரே இரவில் பார்த்தோம். 380ஆம் எபிசோடின் நடுவே ஒரு பாட்டு ஒலித்துக்கொண்டிருந்தபோது அவள் எழுந்து போய் அலமாரியில் அந்த நோட்டைத் தேடினாள். பக்கங்களைப் பின்னோக்கிப் புரட்டி, 62ஆம் எபிசோடு என்று குறித்திருந்த பக்கத்தைத் திறந்து மடியில் வைத்துக்கொண்டு, மீதிப் பாட்டைக் கேட்டாள்.